ஆறு கொக்கி, ஓர் இடைவெளி, ஏழு கொக்கி

சார்,

இன்றும் காலை ஆறே காலுக்கு, அடுப்பில் டீ பொங்கி வருகிற நேரம் பார்த்து, போன் ‘டிங்’ என்றது. நகல் எடுக்கிற வேலையை முடித்துவிட்டு ஆபீஸ் கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிற மெயில். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அனுப்புகிறவர் பெயர் வருகிற இடத்தில் இன்னும் உங்கள் பெயர்தான் வருகிறது என்கிறாள் மருமகள். கண்ணாடியை லுங்கியில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று வரி இருந்தது. ஆனால் கொக்கி இல்லை. ஒரு கொக்கிகூட இல்லை. பார்த்துக்கொண்டே நின்றதில் டீ பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

கொக்கி இருந்த இடத்தில் இப்போது என்ன எழுதியிருக்கிறது என்று மருமகளிடம் இன்னும் கேட்கவில்லை. அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். சேலத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். நான் ‘வந்துச்சு’ என்றால் ‘வந்தது’ என்று போடுகிறாள். “எழுதறப்போ அப்படித்தான் மாமா எழுதணும்” என்கிறாள். சரி, எழுதட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் போதும்.

ஜாதவ்பூரில் நம் லிஃப்ட் கம்பெனியில் நீங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டீர்கள். நான் மெக்கானிக்குகளின் பின்னால் சாமான் பை தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். தமிழ், பெங்காலி, இந்தி மூன்றும் பேசுவேன், மூன்றிலும் ஒரு எழுத்து தெரியாது. அப்படிப்பட்டவனை நீங்கள் கம்ப்யூட்டர் வேலைக்குள் இழுத்துப் போட்டதை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

முதலில் டேப். பாட்டு கேசட் மாதிரி, கொஞ்சம் தடிமனாக. ஆபீஸில் தீப்பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் ஒரு நகல் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கவேண்டும் என்றீர்கள். அந்த வேறு இடம் பெஹாலாவில் என் வீட்டு அரிசி டிரம்மின் மூடி. தினமும் சாயங்காலம் ஒரு டேப்பை மஞ்சள் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோவேன். காலையில் முந்தைய நாள் டேப்பைத் திருப்பிக் கொண்டுவருவேன். மேலே கிழமை எழுதி ஒட்டியிருந்தீர்கள். எனக்கு அது உதவாது என்று தெரிந்ததும், ஆறு நிறத்தில் நூல் வாங்கிவந்து நீங்களே உட்கார்ந்து கட்டினீர்கள். திங்கள் சிவப்பு, செவ்வாய் பச்சை. ஒரு நாளும் நான் மாற்றிக் கொண்டுவந்ததில்லை.

பிறகு அந்தப் பெரிய மழை. கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். எந்த வீட்டு லிஃப்டில் எப்போது எந்த உறுப்பை மாற்றினோம் என்று எழுதிவைத்த நோட்டுகள் அத்தனையும் கூழாகிவிட்டன. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஒரு நோட்டைத் தூக்கிப் பிழிந்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். “காகிதம்தான்யா நனையும். முத்து நனைய மாட்டான்.”

அன்று ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன மைக்கை எனக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில் வைப்பீர்கள். நீங்கள் தெருப்பெயர் சொல்வீர்கள். அந்தத் தெருவில் எந்த வீடு, லிஃப்ட் எந்த நிறம், கயிறு எந்தப் பூஜைக்கு முன்னால் மாற்றியது, கதவில் யார் விரல் நசுங்கியது எல்லாம் எனக்கு வந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்டு நீங்கள் இங்கிலீஷில் ஒரு பட்டியல் அடித்தீர்கள். மெக்கானிக்குகள் இன்றைக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் புறப்படுகிறார்கள்.

அடுத்த வருஷம் டேப் போய், பெட்டி மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தானே நகல் எடுத்து, முடிந்ததும் தானே மெயில் அனுப்பும் என்றீர்கள். என் மஞ்சள் பைக்கு வேலை போய்விட்டது என்று முகம் வாடியிருக்கவேண்டும். மகனிடமிருந்து எனக்கு வந்த பழைய போனைக் கேட்டு வாங்கி, மெயில் எனக்கும் வருகிற மாதிரி செய்துகொடுத்தீர்கள். “நீ படிக்க வேண்டாம் முத்து. பார்த்தா போதும்.”

முதல் மெயில் வந்த அன்று நீங்கள் ஆடிய ஆட்டம்! பெங்காலி ஆட்கள் எவனும் கை வைக்கக்கூடாது என்று பெட்டிக்குள் ஃபைல்களைப் போட்டுவைக்கிற மூன்று அறைக்கும் தமிழில் பெயர் வைத்திருந்தீர்கள். மெஷினுக்கு அந்தப் பெயர்களைச் சொல்ல நாக்கு வரவில்லை. பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறி கேள்விக்குறியாகக் கொட்டியிருந்தது. ஒரு எழுத்துக்கு ஒன்று, கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக ஒன்று என்று நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. என் கண்ணுக்கு அது லேக்கில் மீன் பிடிக்க உட்கார்ந்திருப்பவர்களின் டப்பாவில் கிடக்கிற கொக்கி மாதிரி இருந்தது. மெஷின் விற்ற கம்பெனிக்கு இரண்டு நாள் போன் போட்டீர்கள். பெயரை இங்கிலீஷில் வையுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். “என் பெட்டிக்கு என்ன பேர் வைக்கணும்னு அவன் யார்யா சொல்றதுக்கு?” என்று போனை வைத்தீர்கள்.

“உனக்கென்ன முத்து, சரியா வந்தாலும் நீ படிக்கப்போறதில்லை.”

“இப்போ உங்களுக்கும் என் நிலைமைதானே சார்?”

நீங்கள் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அந்த இருமலை நாம் இருவருமே அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வரி ஏழு கொக்கி. இரண்டாவது ஐந்து. மூன்றாவது ஆறு கொக்கி, ஓர் இடைவெளி, ஏழு கொக்கி. அந்த மூன்றாவது வரியில் விரலை வைத்துச் சொன்னீர்கள்: “நீ பேசினதெல்லாம் இதுக்குள்ள இருக்கு. இந்த வரி ஒரு நாள் வரலைன்னா என்கிட்ட சொல்லு.” ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்றும் அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னீர்கள். “மூணாவது வரி உன் பொறுப்பு.” மூக்கில் குழாய் இருந்தது. நான் தலையாட்டினேன்.

இனிமேல்தான் சொல்லவேண்டியது.

லேக் கார்டன்ஸில் அந்த நாலு மாடி வீடு. மூன்றாம் மாடியில் பாங்க் அதிகாரியின் மனைவி, நம் ஊர் அம்மா, தனியாக இருக்கிறாரே அந்த வீடு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மழைத் தண்ணீர் வடிந்த அதே வருஷம், துர்கா பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது நானும் நந்தலால்தாவும் அங்கே போனோம். பெரிய மெக்கானிக் என்பதால் முதலாளிகூட அவரை, அண்ணன் என்கிற ‘தாதா’வைச் சுருக்கி, ‘தா’ போட்டுத்தான் கூப்பிடுவார். மொட்டை மாடி அறையில் கயிறு சுற்றி ஓடுகிற உருளையை இறக்கிப் பார்த்தால், அதன் தண்டில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். புதுத் தண்டு கையில் இல்லை. லிஃப்டை நிறுத்தினால் பூஜைக்கு வந்திருக்கிற கிழடுகட்டைகள் மாடியிலேயே கிடக்கவேண்டும். “கிரீஸ் போட்டு ஓட்டுவோம் முத்து. பூஜை முடிஞ்சதும் முதல் வேலையா மாத்திடுவோம்” என்றார் நந்தலால்தா. மாற்றியாகிவிட்டது என்று புது நோட்டில் எழுதினார். பூஜை முடிந்தது. காளி பூஜையும் முடிந்தது. ஒரு காலை அவர் குழாயடியில் விழுந்தார், எழுந்திருக்கவில்லை.

அவருக்குக் காரியம் முடிந்த வாரத்தில்தான் நீங்கள் மைக் முன்னால் லேக் கார்டன்ஸ் என்று சொன்னீர்கள். நந்தலால்தாவின் மகனை வேலைக்கு எடுத்துக்கொள்வதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்த வாரமும் அதுதான். அவர் பொய் எழுதினார் என்று தெரிந்தால் அந்த வாக்கு நிற்குமா? நான் அதை யோசித்தேன். மாடியில் ஏறி இறங்குகிறவர்களை யோசிக்கவில்லை.

நீங்கள் கேட்டீர்கள். நான் மாற்றியாகிவிட்டது என்றேன்.

இந்த இடத்தில் மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். “இதையுமா மாமா எழுதணும்?” என்கிறாள். இதற்காகத்தான் அம்மா இவ்வளவும், எழுது என்றேன்.

அந்தத் தண்டைப் பார்க்கவேண்டுமானால் கயிற்றையெல்லாம் அவிழ்த்து உருளையை இறக்கவேண்டும். ஒரு முழு நாள் வேலை. பட்டியலில் மாற்றியாகிவிட்டது என்று இருந்தால் பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு எவனும் இறக்க மாட்டான். முத்து சொன்னால் சரியாக இருக்கும் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, என் வாய்ச்சொல்லை எவனும் சரிபார்க்காதபடி செய்துவிட்டீர்கள். ஒவ்வொரு பூஜைக்கும் இந்த வருஷம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நந்தலால்தாவின் மகன் வேலையில் நிலைக்கட்டும் என்று இருந்தேன். அவனுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று இருந்தேன். அப்புறம் அவன் வேறு கம்பெனிக்கே போய்விட்டான். அதற்குள் உங்களுக்கு உடம்பு சரியில்லை. சொல்லாமல் இருப்பதற்கு மனுஷனுக்குக் காரணமா கிடைக்காது.

ஒன்பது வருஷமும் அந்த வீட்டில் நான் லிஃப்டில் ஏறியதே இல்லை. படியில்தான் ஏறுவேன். அந்த அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிப்பார். “லிஃப்ட் கம்பெனிக்காரனே படியேறி வரான் பாரு! உங்க மெஷின் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா முத்து?” மூட்டுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவைத்தேன். அவர் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அதே லிஃப்டில் இறங்கி லேக் வரை நடந்துவிட்டு வருவார்.

இந்த வருஷம் விஸ்வகர்மா பூஜைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது ஒரு காலை மெயில் வந்தது. ஏழு கொக்கி. ஐந்து கொக்கி. கீழே ஒன்றுமில்லை.

உங்கள் நாற்காலிக்கு இப்போது மௌசுமி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. புதுக் கம்ப்யூட்டர் வந்து, பழையதைக் காயலான் கடைக்குப் போடப்போவதாகப் பேச்சு இருந்தது. பூஜை போடாமல் எந்த மெஷினையும் வெளியே அனுப்புவதில்லை என்பது நம் ஆபீஸ் வழக்கம், உங்களுக்குத் தெரியும். பூஜைக்கு மறுநாள் ஆள் வருவான். மூன்றாவது வரி புதிய இடத்துக்குப் போகவில்லை, பழைய பெட்டியோடு போய்ச் சேரப்போகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நான் என்ன செய்யவேண்டும் என்றும் தெரியும்.

பதினொரு நாள் நான் வாயைத் திறக்கவில்லை சார்.

காலையில் எழுவேன், இரண்டு வரியைப் பார்ப்பேன், போனைக் கவிழ்த்து வைப்பேன். என் குரலில் அந்தப் பொய் இருக்கிற ஒரே இடம் அந்தப் பெட்டி. அது போனால் பட்டியலில் ஒரு இங்கிலீஷ் சொல் மட்டும் மிஞ்சும். அதை யார் சொன்னார், எதைக் கேட்டு அடித்தார்கள் என்று ஒருவனுக்கும் தெரியாது. நீங்களும் இல்லை. எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைத்து என்ன பயன்? மற்ற முந்நூறு வீட்டுக் கதையும் அதோடு போகும் என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. களைப்பாக இருந்தது. ஒரு பொய்யை ஒன்பது வருஷம் தூக்கிக்கொண்டு நடந்தவனுக்கு, யாராவது வந்து காயலான் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றால் எப்படி இருக்கும்?

பூஜை அன்று காலை ஆபீஸில் பழைய கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். உங்கள் டீ டம்ளரின் வட்டக்கறை அதன் தலைமேல் இன்னும் இருந்தது. அதன் நடுவில்தான் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் கால் தானாக மௌசுமியிடம் போய்விட்டது. அவளை ‘திதி’, அதாவது அக்கா, என்று கூப்பிட்டு பெங்காலியில்தான் பேசுவேன். இங்கே தமிழில் சொல்கிறேன்.

“திதி, காலை மெயிலில் ஒரு வரி வரலை.”

“சக்ஸஸ்னுதானே வருது முத்துதா, நான் தினமும் பார்க்கிறேனே.”

“வர்றது சக்ஸஸ்தான். வரவேண்டியது மூணு. வர்றது ரெண்டு. ஆறு கொக்கி, ஒரு இடைவெளி, ஏழு கொக்கி. அது இல்லை.”

அவள் வாயில் போடப்போன சந்தேஷ் இனிப்பைக் கீழே வைத்தாள். “அந்தக் குப்பையையா நீங்க எண்ணிட்டிருந்தீங்க?” என்றாள். பிறகு அவளுக்கே ஞாபகம் வந்தது. “பேர் படிக்க முடியலை, இடத்தையும் ரொம்ப அடைச்சுது. யாரோ பாட்டு ஏத்தி வச்சிருக்காங்கன்னு நான்தான் எடுத்துட்டேன்.” அப்போதே போட்டுப் பார்க்கலாம் என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இன்னிக்கு எந்த மெஷினும் போடக்கூடாது முத்துதா. நாளைக்குக் காயலான் ஆள் மத்தியானம்தான் வருவான். காலையில் வாங்க.”

காலையில் போனேன். மாலை வாடிப்போய் இருந்தது. அவள் அந்த அறையைத் திறந்து, தெருப்பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நீங்கள் அவற்றை மட்டும் இங்கிலீஷில் வைத்திருந்தீர்களாம். “எதைப் போட?” என்றாள். லேக் கார்டன்ஸ் என்றேன்.

முதலில் டிபன் டப்பா மூடுகிற சத்தம். பிறகு உங்கள் குரல் சார். எட்டு மாதத்துக்குப் பிறகு.

“சொல்லு முத்து. அந்த உருளைத் தண்டு. நந்தலால் மாத்தினதா எழுதியிருக்கான். ஸ்டோர்ல புதுத் தண்டு எடுத்த சீட்டு இல்லை. மாத்தினானா?”

“மாத்தியாச்சு சார்.”

“நீ கண்ணால பார்த்தியா?”

“பார்த்தேன் சார்.”

மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. பிறகு நீங்கள் “சரி” என்றீர்கள். அந்த ‘சரி’யை நான் அன்று கவனிக்கவில்லை. இப்போது நாலு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். நீங்கள் நம்பினீர்களா, அல்லது நந்தலால்தாவின் மகனை உங்களுக்கும் நினைவிருந்ததா? எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரி உன் பொறுப்பு என்று ஆஸ்பத்திரியில் ஏன் சொன்னீர்கள் என்பதும் தெரியவில்லை.

மௌசுமிக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. “தாதா என்ன கேக்கறார்? நீங்க என்ன சொல்றீங்க?” என்று என் முகத்தைப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் எனக்கு வழி திறந்திருந்தது. எதையாவது சொல்லியிருக்கலாம்.

“நான் பொய் சொல்றேன் திதி,” என்றேன்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. முதலாளி கத்தினார். என் வயதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார், அது கத்தலைவிட மோசமாக இருந்தது. மத்தியானத்துக்குள் லேக் கார்டன்ஸ் லிஃப்டை நிறுத்தினார்கள். இரண்டு மெக்கானிக்குகள் உருளையை இறக்கித் தண்டை உருவினார்கள். அதில் ஒருவன் துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு நகத்தை அதன் மேல் ஓட்டினான். நகம் மாட்டிக்கொண்டது. “இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?” என்று கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான், என்னைப் பார்க்கவில்லை.

நான்கு நாள் லிஃப்ட் ஓடவில்லை. “இத்தனை வருஷமா ஒழுங்காத்தானே ஓடிண்டிருந்தது? இப்போ என்ன அவசரம்?” என்று அந்த அம்மா கோபித்துக்கொண்டார். படியில் நின்றபடியே முழுதும் சொன்னேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அதான் நீ படியேறினியா?” என்று மட்டும் கேட்டார். உள்ளே போய்விட்டார். அந்த நான்கு நாளும் அவருக்குக் காய்கறியும் பாலும் நான்தான் மேலே கொண்டுபோனேன். கதவைத் திறந்து வாங்கிக்கொள்வார். சிரிப்பதில்லை. சிரிக்கவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் லிஃப்ட் ஓடியபோது நான் ஏறினேன். உள்ளே இன்னும் அதே பச்சைப் பெயின்ட், அதே கீறல் விழுந்த கண்ணாடி. மூன்றாம் மாடிக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. அதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

என் குரலை மறுபடி எடுத்துக்கொள் என்று மௌசுமியிடம் சொல்லி, நந்தலால்தா செய்ததையும் நான் செய்ததையும் மைக்கில் பேசினேன். பழையதை அழிக்கட்டுமா என்றாள். வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்றேன். உங்கள் ‘சரி’ அதில் இருக்கிறதே. மூன்றாவது அறையைத் திரும்பச் சேர்த்தாள். அதோடு, எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து, மெயிலையும் சரிசெய்துவிட்டாள். “இனிமே தமிழ் தமிழாவே வரும் முத்துதா. இந்தப் புது மெஷின்ல ஒரே ஒரு இடத்துல ஒரு டிக், அவ்வளவுதான்.” நீங்கள் இரண்டு நாள் போனில் கத்தியதை அவளிடம் சொல்லவில்லை.

அதனால்தான் இன்று காலை கொக்கி இல்லை. இத்தனை வருஷமாக நான் படித்துவந்த ஒரே எழுத்தும் போய்விட்டது. வரி மூன்று என்று எண்ணத் தெரிகிறது. எந்த வரி எது என்று இனி எவரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

மருமகளைப் படிக்கச் சொன்னேன். முதல் வரி ‘வரைபடம்’. இரண்டாவது ‘பழுது’. மூன்றாவதில் கொஞ்சம் நின்றாள்.

“உங்க பேர் மாமா.”

“என் பேரா? சரியாப் படிம்மா.”

“‘முத்து சொன்னது’ன்னு போட்டிருக்கு.”

லிஃப்ட் விவரம் என்றோ பழைய கணக்கு என்றோ இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இடைவெளி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். போனில் விரலை வைத்துக் காட்டினாள். அந்தப் பக்கம் ஏழு, இந்தப் பக்கம் ஆறு. ஆறு கொக்கியும் நான்தான். தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே என் பெயரைத்தான் எண்ணியிருக்கிறேன். அந்தப் பதினொரு நாளும் வராமல் போனதும் அதுதான்.

பழைய தண்டைத் தூக்கிப் போடாதே என்று மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, மஞ்சள் பையில் போட்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எத்தனையோ டேப்பைக் கொண்டுவந்த அதே பை. கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. அரிசி டிரம்மின் மூடிமேல் வைத்திருக்கிறேன். அரிசி எடுக்கிற ஒவ்வொரு வேளையும் அதை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தவேண்டியிருக்கிறது. கீழே வைத்துவிடலாம் மாமா என்கிறாள் மருமகள். இருக்கட்டும் என்கிறேன்.